மீன் வண்டிக்கு எந்தக் கூண்டு: இரும்பா, அலுமினியமா, ஃபைபரா?

அண்ணன் வண்டியின் பின்கதவுப் படியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். முனை மறுபக்கம் போய்விட்டது. மேலே பெயிண்ட் பளபளவென்று இருந்தது; அடியில் தகடே இல்லை. வண்டிக்கு வயது நாலு. எஞ்சினில் ஒரு குறை கிடையாது, கியர் வெண்ணெயாக விழுகிறது. கூண்டுதான் செத்துப்போய்விட்டது.

"இத்தனை நாளா பெயிண்ட்டு மேலதான் மீனை ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன் போல" என்றார்.

அண்ணன் என்றால் என் சின்னம்மா மகன். நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் விடியற்காலை ஏலத்தில் எடுக்கும் மீனைத் திருவாரூர் வழியாகத் தஞ்சாவூர் கீழவாசலுக்குக் கொண்டுபோகிறார். வாரத்தில் இரண்டு நாள் மன்னார்குடி. இப்போது புதிதாக ஒரு முக்கால் டன் வண்டி, கூண்டு இல்லாமல் வெறும் கேபினும் சேஸிஸுமாகப் புக் செய்திருக்கிறார். பின்னால் எதை ஏற்றுவது என்பதுதான் கேள்வி. நான் ஒரகடம் பக்கம் கார்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் கம்பெனியில் ஏழு வருடம் இருந்துவிட்டு, இப்போது திருவாரூரில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறேன். அதனால் அண்ணன் என்னைக் கேட்டார். நானும் ஒரு மாதமாக நாலைந்து இடம் அலைந்து, கொட்டேஷன் வாங்கி, கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். இதே கேள்வியோடு டெல்டாவில் இன்னும் பலர் இருப்பார்கள், அவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் பழைய கூண்டு ஏன் போனது என்று பார்த்துவிடுவோம். எல்லோரும் கடல் காற்றைத் திட்டுவார்கள். காவிரியில் தண்ணீர் வராத வருடம் உண்டு, நாகையில் உப்புக்காற்று வராத நாள் கிடையாது, சரிதான். ஆனால் கூண்டைப் பிரித்துப் பார்த்தபோது வெளித்தகடு பரவாயில்லாமல்தான் இருந்தது. அரிப்பு முழுக்க உள்ளிருந்து கிளம்பியிருக்கிறது. ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் ரத்தமும் உப்பும் சேர்ந்து, உள்தகட்டின் மூலை இடுக்கு வழியாகத் தெர்மோகோலுக்கு அடியில் இறங்கி, வெயிலோ காற்றோ படாத இடத்தில் நாலு வருடமாகத் தேங்கி நின்றிருக்கிறது. தெர்மோகோலைப் பிழிந்தால் தண்ணீர் வடிந்தது. வெளியில் எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் அந்த இடத்துக்கு எட்டாது. ஆகவே நாங்கள் கேட்கவேண்டியிருந்தது, தேங்கிய உப்புத்தண்ணீரில் வருடக்கணக்கில் எந்தப் பொருள் நிற்கும் என்பதை.

இரும்பு

எங்கள் பக்கத்தில் எந்தப் பட்டறையிலும் கிடைப்பது இதுதான். ஆங்கிள் சட்டம் அடித்து, வெளியில் 1.2 மில்லி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு, உள்ளே 0.8 மில்லி, நடுவில் தெர்மோகோல். பத்து நாளில் கையில் கொடுத்துவிடுவார்கள். அடிபட்டால் தட்டி நிமிர்த்தலாம், கிழிந்தால் வெல்டிங் வைக்கலாம். கடைசியில் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாம். விலையும் இதுதான் குறைவு.

ஜி.ஐ. என்றால் துருப்பிடிக்காது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சு தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. கரைய இனி துத்தநாகம் இல்லை என்றதும் இரும்பின் முறை. அதிலும் வெல்டிங் வைக்கிற இடத்தில் பூச்சு அன்றைக்கே எரிந்துபோகிறது. ஒரு கூண்டில் வெல்டிங் இல்லாத மூலை எங்கே இருக்கிறது?

கும்பகோணம் பக்கம் வெற்றிலை, திருவையாற்றுப் பக்கம் வாழைத்தார், நெல் மூட்டை, செங்கல் ஏற்றுகிறவர்கள் இதற்குமேல் படிக்கவே வேண்டாம். உங்களுக்கு இரும்புதான். ஐஸும் உப்பும் இல்லாத வண்டிக்கு மற்றதெல்லாம் வீண் செலவு.

உள்பக்கம் மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுவது நடுவழி. கழுவ நன்றாக இருக்கும், பார்க்கவும் லட்சணம். ஆனால் வெளியில் அதே ஜி.ஐ., நடுவில் அதே ஆங்கிள், எடையும் அதேதான். இடுக்கில் தண்ணீர் இறங்கினால் கதையும் அதே கதை.

அலுமினியம்

துரு கிடையாது, எடை குறைவு, விற்றால் நல்ல விலை. இதில் போய்விடலாம் என்றுதான் அண்ணனுக்கு முதலில் தோன்றியது. துறைமுகத்தில் பத்து வருட அலுமினியக் கூண்டு ஒன்று நிற்கிறது, அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தகடு நன்றாக இருந்தது. ஆனால் இரும்பு போல்ட்டு இருந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பொடி பூத்து, ஓட்டை பெரிதாகி, போல்ட்டு ஆடிக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புத்தண்ணீர் வந்தால் அது ஒரு பேட்டரி. அந்த பேட்டரியில் கரைவது அலுமினியம். நைலான் வாஷர், ரப்பர் பட்டை என்று பிரித்து வைத்தால் தப்பிக்கலாம். யார் அவ்வளவு பொறுமையாக மாட்டுகிறார்கள்? இன்னொன்று, அலுமினியம் வெடித்தால் ஆர்கான் வெல்டிங் வேண்டும். அதை ஒழுங்காகச் செய்கிற கைக்குத் தஞ்சாவூர் அல்லது திருச்சி போகவேண்டும். மீன் வண்டி ஒரு நாள் நின்றால் அந்த நாள் போனதுதான்.

ஃபைபர்

நம்மூரில் ஃபைபர் என்று சொல்வது கண்ணாடி நாரும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்த கலவை. புதிய சரக்கு போலப் பேசுகிறார்களே தவிர, யோசனை நமக்குப் பழக்கமானது. சேற்றில் வைக்கோலைப் பிசைந்து சுவர் வைத்தவர்கள் நம் தாத்தாக்கள். சேறு மட்டும் என்றால் வெடிக்கும், வைக்கோல் மட்டும் என்றால் நிற்காது. நார் இழுப்பைத் தாங்குகிறது, சேறு நாரை இடத்தில் பிடித்து வைக்கிறது. இங்கே நார் கண்ணாடி, சேறு ரெசின், அவ்வளவுதான்.

இதை வைத்துக் கார் உடம்பே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1953-இல் வந்த செவ்ரலே கார்வெட் முதல் வருடம் வெறும் 300 கார், எல்லாம் கண்ணாடி ஃபைபர் உடம்பு. கிழக்கு ஜெர்மனியில் எஃகுத் தகடு பஞ்சம், அதனால் பருத்திக் கழிவையும் பீனால் ரெசினையும் சேர்த்து அழுத்தி டிராபண்ட் காருக்கு உடம்பு செய்தார்கள். 1957 முதல் 1991 வரை அந்தக் கார் கிட்டத்தட்ட 30 லட்சம் வந்தது. நம் பக்கம் பெங்களூரில் சிபானி கம்பெனி பாதல், டால்ஃபின் என்று ஃபைபர் உடம்புக் கார்கள் விற்றது. டால்ஃபின் இங்கிலாந்தின் ரிலையண்ட் கிட்டன் காரை ஒட்டிச் செய்தது. அதே பெங்களூரின் ரேவா மின்சாரக் காருக்கும் பிளாஸ்டிக் உடம்புதான்.

அப்படியென்றால் ஏன் எல்லாக் காரும் ஃபைபரில் வரவில்லை? ஒரகடத்தில் இருந்தபோது இந்தக் கேள்விக்குப் பதிலைத் தினமும் கண்ணால் பார்த்தேன். எஃகுக் கதவு அடிக்கிற அச்சுக்குக் கோடிக்கணக்கில் செலவு. ஆனால் அச்சு வந்துவிட்டால் ஒரு அழுத்து, சில நொடி, ஒரு கதவு. ஃபைபருக்கு மோல்டு மலிவு. ஆனால் கையால் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) விரித்து ரெசின் தடவி எடுத்தால் ஒரு மோல்டில் நாளுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். சூடான அச்சில் வைத்து அழுத்துகிற முறையில்கூட ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். லட்சக்கணக்கில் கார் செய்கிறவனுக்கு எஃகு மலிவு, நூற்றுக்கணக்கில் செய்கிறவனுக்கு ஃபைபர் மலிவு. பி.எம்.டபிள்யூ. கம்பெனி ஐ3 என்ற மின்சாரக் காருக்குப் பயணிகள் அமரும் கூட்டையே கார்பன் ஃபைபரில் செய்தது. 2013 முதல் 2022 வரை சுமார் இரண்டரை லட்சம் கார் வந்தது. அப்புறம் அந்தக் கார் நின்றது, அந்த அளவுக்குக் கார்பனை அள்ளிப்போட்டு அடுத்த மாடலை அவர்கள் செய்யவில்லை. அத்தனை விலை.

எனவே சாதாரணக் காரில் பாலிமர் கலவை உடம்பில் இருக்காது, உறுப்புகளில் இருக்கும். உங்கள் கார் பம்பரைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள்: பி.பி., ஈ.பி.டி.எம்., டி.டி. 20 என்கிற மாதிரி எழுத்து அச்சாகியிருக்கும். பாலிப்ரொப்பிலீன், கொஞ்சம் ரப்பர், நூற்றுக்கு இருபது பங்கு டால்க் பொடி என்று அர்த்தம். ரேடியேட்டரின் மேல் தொட்டியில் பி.ஏ. 66, ஜி.எஃப். 30 என்று இருந்தால் அது நைலானில் முப்பது பங்கு கண்ணாடி நார். கொதிக்கும் தண்ணீரைத் தாங்குவது அந்த நார் இருப்பதால்தான். இடையில் ஒரு இலவச ஆலோசனை: பம்பர் வெடித்தால் ஃபைபர் மேட்டும் ரெசினும் வைத்து ஒட்டச் சொல்லாதீர்கள். பாலிப்ரொப்பிலீனில் பாலியெஸ்டர் ரெசின் பிடிக்காது, ஒரு மாதத்தில் அப்பளமாகப் பெயர்ந்து வரும். சூடு வைத்து அதே பிளாஸ்டிக் கம்பியால் வெல்டிங் வைப்பதுதான் சரி.

இப்போது அண்ணன் வண்டிக்கு வருவோம். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கூண்டு. கார்க்காரர்களின் கணக்கில் ஃபைபர் எங்கே ஜெயிக்கிறதோ, அந்த முனையில் அவர் நிற்கிறார். நம்மூர்ப் பேருந்துகளின் முன்முகமும் பின்முகமும் பெரும்பாலும் ஃபைபராக இருப்பதற்கும் இதே கணக்குதான் காரணம்.

ஆனால் ஃபைபருக்கு ஒரு பலவீனம், விற்கிறவர்கள் சொல்லமாட்டார்கள். அது வளையும். எஃகின் விறைப்பு 200 ஜிகாபாஸ்கல் என்றால், மேட் விரித்துச் செய்த ஃபைபருக்கு 7, 8 தான். அதே கனத்தில் தகடு போட்டால் தொளதொளவென்று ஆடும். இதற்கு வழி, இரண்டு மில்லி ஃபைபர் தோல் இரண்டை எடுத்து நடுவில் 60 மில்லி பஃப் (பாலியூரிதேன்) நுரையை ஒட்டிவிடுவது. தோல் இரண்டும் எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவுக்கு விறைப்பு ஏறும். மெல்லிய இரண்டு தோல், நடுவில் கையால் கிள்ளினால் பிய்கிற நுரை. மூன்றும் ஒட்டிய பலகையின் மேல் நான் ஏறி நின்று குதித்தேன், அசையவில்லை. குளிரைக் காக்க எப்படியும் நுரை வேண்டும், அதே நுரை விறைப்பையும் கொடுத்துவிடுகிறது. உள்ளே ஆங்கிள் சட்டமே தேவைப்படாது.

சட்டம் இல்லாததில் இன்னொரு லாபம். இரும்பு வெப்பத்தைக் கடத்துவது பஃப் நுரையைவிட ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு. அலுமினியம் இரும்பைவிட இன்னும் மூன்று, நான்கு மடங்கு. உள்தகட்டையும் வெளித்தகட்டையும் ஓர் ஆங்கிள் இணைத்தால், அதன் வழியாக வெயில் நேராக உள்ளே வரும். பழைய கூண்டின் உள்சுவரில் ஆங்கிள் போன கோடு கோடாகத் தண்ணீர் வியர்த்திருப்பதை அண்ணன் தினமும் பார்த்திருக்கிறார். ஏனென்றுதான் தெரியாமல் இருந்தது.

எடையும் ஐஸும்

கூண்டு 7 அடி நீளம், 5 அடி அகலம், நாலரை அடி உயரம். ஆறு பக்கமும் சேர்த்து சுமார் 16.5 சதுர மீட்டர். நான் போட்ட கணக்கில் இரும்புக் கூண்டு சட்டத்தோடு 340 கிலோ பக்கம் வருகிறது. அலுமினியத் தகடு, அலுமினியச் சட்டம், பஃப் நுரை என்றால் 185. ஃபைபரும் நுரையும் 160. இரும்புக்கும் ஃபைபருக்கும் 180 கிலோ வித்தியாசம். வண்டி சட்டப்படி தாங்கும் சுமையில் கூண்டின் எடையும் சேர்த்திதான் என்பதால், ஐஸோடு 35 கிலோ வரும் மீன் பெட்டியில் ஐந்து பெட்டி ஒவ்வொரு நடைக்கும் கூடுதலாக ஏறும். அலுமினியத்துக்கும் ஃபைபருக்கும் 25 கிலோதான் வித்தியாசம். அதனால் "ஃபைபர் லேசு சார்" என்று யாராவது அலுமினியத்தோடு ஒப்பிட்டு விற்க வந்தால், அதற்காக மட்டும் மயங்கவேண்டாம்.

ஐஸ் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். வெளியே 35 டிகிரி, உள்ளே 2 டிகிரி, நாலு மணி நேர ஓட்டம். 60 மில்லி பஃப் சுவர் வழியாக வரும் வெப்பம் சுமார் 9 கிலோ ஐஸை உருக்கும். அதே கனத்தில் காய்ந்த தெர்மோகோல் என்றால் 14 கிலோ. நனைந்த தெர்மோகோலுக்கும் ஆங்கிளுக்கும் கணக்குப் போட என்னிடம் சூத்திரம் இல்லை. அண்ணனிடம் ஐஸ் கம்பெனி பில் இருக்கிறது. கூண்டு புதிதாக இருந்தபோது ஒரு நடைக்கு வாங்கியதைவிட இப்போது ஒரு முழு பார் கூடுதலாக வாங்குகிறார்.

யாரிடம் செய்வது?

அலைந்ததில் பெரும்பகுதி இங்கேதான் போனது. ஃபைபர் என்று முடிவான பிறகும் இரண்டு வழி இருக்கிறது. கம்பெனியில் அழுத்தி எடுத்த சாண்ட்விச் பலகைகளை வாங்கி, மூலையில் பட்டை வைத்து ஒட்டிக் கூண்டாக்குவது ஒன்று. நாகையிலேயே படகு கட்டுகிறவர்களிடம் கொடுத்துக் கையால் வார்ப்பது இன்னொன்று.

2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரையில் கட்டுமரம் போய் ஃபைபர் படகு நிறைந்துவிட்டது. நாகூரிலிருந்து வேதாரண்யம் வரை எந்த மீனவக் கிராமத்துக்குப் போனாலும் மேட், ரோவிங், ரெசின் என்று பேசத் தெரிந்த ஆள் ஒருவராவது இருப்பார். வேறு ஊர்க்காரர்கள் ஃபைபர் ரிப்பேருக்கு ஆள் தேடுவார்கள். இங்கே ஃபைபர் ஆள் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். உடைந்த இடத்தைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து, மேட் வைத்து, ரோலர் உருட்டி, மாலைக்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். அலுமினியத்துக்கு எதிராக நான் வைக்கிற பெரிய வாதம் இதுதான்.

ஒரு மேஸ்திரியின் கொட்டகையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். மோல்டுக்கு வாக்ஸ் தேய்க்கிறார்கள், ஜெல்கோட் (மேல்தோலாக இறுகும் ரெசின் பூச்சு) அடிக்கிறார்கள், அது கையில் ஒட்டாமல் தொட்டால் தடம் மட்டும் விழுகிற பதம் வந்ததும் முதல் மேட். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ரெசினில் முன்பே கலந்திருக்கிறது, இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டைக் கடைசியில் ஊற்றுகிறார்கள். இரண்டையும் நேராக ஒன்றோடு ஒன்று கலந்தால் வெடிக்கும், அதனால் இரண்டு டின்னையும் கொட்டகையின் இரண்டு மூலையில் வைத்திருந்தார். ரோலரால் காற்றுக்குமிழியை ஓரத்துக்கு ஓட்டும்போது ஒரு சத்தம் வரும், நனைந்த கோணியை மிதிக்கிற மாதிரி. சத்தம் நின்றால் குமிழி போய்விட்டது. அந்த மேஸ்திரி மீட்டர், தராசு எதுவும் தொடவில்லை. கேட்டலிஸ்ட்டையும் மூடியால்தான் அளந்தார்.

"வெயில் பார்த்து ஊத்துவேன் தம்பி. சித்திரைல அரை மூடி, கார்த்திகைல ஒன்றரை" என்றார்.

கை தேர்ந்தவர்தான். ஆனாலும் எனக்கு ஒரு பழைய வடு இருக்கிறது. மூன்று வருடம் முன்பு வேறொரு கொட்டகையில் எனக்கென்று ஒரு சின்ன ஐஸ் பெட்டி வார்க்கக் கொடுத்தேன். ஐப்பசி அடைமழை. அவசரப்படுத்தியது நான்தான். ஈரம் ஏறிய மேட்டில் ரெசின் சரியாக இறுகவில்லை, உள்பக்கம் காற்றுப் பட்ட மேற்பரப்பு பிசுபிசுவென்றே இருந்தது. கடைசிக் கோட்டில் மெழுகு கலந்து காற்றை அடைக்காமல் விட்டால் அப்படித்தான் ஆகும். இரண்டு வாரம் கழித்து அதில் சங்கரா மீன் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குழம்பு கொதித்தபோது வீடு முழுக்கப் பெயிண்ட் கடை வாசனை. இறுகாத ரெசினிலிருந்து வரும் ஸ்டைரின் வாசனை அது. என் மனைவி சட்டியோடு கொல்லையில் ஊற்றினாள். கார் கதவில் அந்த வாசனை இருந்தால் புதுக் கார் என்று சந்தோஷப்படுவோம், மீனில் இருந்தால் ஏலக்கடையில் அண்ணன் பெயர் போய்விடும்.

அதனால் படகுக் கொட்டகைக்கு மூன்று நிபந்தனை வைத்தோம். உள்பக்க ஜெல்கோட்டும் முதல் மேட்டும் தண்ணீரைத் தாங்கும் ஐசோ ரெசினில் இருக்கவேண்டும், சாதாரண ரெசின் தண்ணீரில் ஊறிக் கொப்புளம் கிளப்பும். வேலை தை, மாசியில், மழைக்காலத்தில் வேண்டாம். வார்த்த பிறகு நன்றாக வெயிலில் காய்ந்து, வெந்நீரில் கழுவி, வாசனை போனபிறகுதான் மீன்.

கம்பெனிப் பலகையில் இந்தத் தொல்லை இல்லை. கனம் எல்லா இடத்திலும் ஒன்று, நுரை தோலோடு முழுக்க ஒட்டியிருக்கும், எடைச் சீட்டும் கிடைக்கும். ஆனால் அதன் பிரச்சினை மூலை. ஆறு பலகையை ஒட்டினால் பன்னிரண்டு மூட்டு. அதில் தரையைச் சுற்றியுள்ள நான்கு மூட்டுகளில் தண்ணீர் நிற்கும். பழைய கூண்டு செத்தது தரை மூலையில்தான் என்பதை மறக்கக்கூடாது. படகுக்காரர்களுக்கோ மூலையே கிடையாது. ஒரு படகை மூட்டில்லாமல் வார்க்கிறவர்கள், தொட்டி மாதிரித் தரையையும் சுற்றி ஓரடிச் சுவரையும் ஒரே வார்ப்பாகக் கொடுத்துவிடுவார்கள்.

ஆக நான் சொன்ன யோசனை: தரையும் அடிச்சுவரும் நாகையில் ஒரே தொட்டியாக, மேல்சுவரும் கூரையும் கம்பெனிப் பலகையாக. தொட்டியின் உதட்டுக்குள் பலகை இறங்கி உட்காரும், தண்ணீர் தொட்டிக்குள்ளேயே வழியும். விலை, எங்களுக்குக் கிடைத்த கொட்டேஷன்படி இரும்பு ஒரு பங்கு என்றால் இது ஒன்றேமுக்கால் பங்கு, அலுமினியத்துக்குக் கொஞ்சம் கீழே. நாலு வருடத்துக்கு ஒரு இரும்புக் கூண்டு என்று வைத்துப் பார்த்தால் எட்டாவது வருடத்தில் நேராகிவிடும். நடுவில் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வேறு இருக்கிறது. எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருடாவருடம். ஒவ்வொரு தடவையும் இரும்புக் கூண்டுக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கிற செலவை அண்ணன் கணக்கில் சேர்க்கவே இல்லை, நான்தான் சேர்த்தேன்.

எங்கே கெடும்?

ஃபைபர் துருப்பிடிக்காது, ஆனால் வேறு மாதிரி சாகும். இரும்பு நுழைகிற இடத்தில் கெடும். போல்ட்டை இறுக்கினால் நுரை நசுங்கும், நசுங்கினால் போல்ட்டு தளரும், தளர்ந்தால் ஓட்டை வழியாகத் தண்ணீர் நுரைக்குள் போகும். அதனால் கீல், கொக்கி, யூ-போல்ட்டு வரும் இடங்களை வார்க்கும்போதே குறித்து, நுரைக்குப் பதில் கெட்டியான பிளாஸ்டிக் கட்டை வைக்கச் சொல்லவேண்டும். படகுக்காரர்கள் பழக்கத்தில் பிளைவுட் வைப்பார்கள். பிளைவுட் உள்ளே நனைந்தால் வெளியில் தெரியாமல் மக்கும்.

அடுத்தது சேஸிஸ். நாகை–திருவாரூர் சாலையில் வண்டி போகும்போது சேஸிஸ் முறுக்கிக்கொண்டே போகும். விறைப்பான பெட்டியை அதில் இறுக்கிக் கட்டினால் பெட்டிக்குத்தான் மூலையில் வெடிப்பு வரும். நடுவில் கால்வனைஸ் செய்த ஒரு துணைச் சட்டம், அதன்மேல் ரப்பர், முன்பக்கத்து யூ-போல்ட்டில் கொஞ்சம் ஸ்பிரிங் விட்டு அசைவதற்கு இடம். கரூரில் பாடி கட்டுகிறவர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள்.

தரையில் பெட்டியை இழுத்தால் ஜெல்கோட் தேய்ந்து நார் வெளியே வரும். கண்ணாடி நார் மீனில் ஒட்டினால் யாருக்கும் நல்லதில்லை. தரைமேல் கழற்றிக் கழுவுகிற பிளாஸ்டிக் பலகைச் சட்டம் போட்டுவிட்டால் தீர்ந்தது.

கடைசியாக, விற்கிற நாள். இரும்பும் அலுமினியமும் எடைக்குப் போகும். ஃபைபருக்குச் சல்லிக்காசு வராது. ஒரு தடவை இறுகிய பாலியெஸ்டர் மறுபடி உருகாது, வார்க்கவும் முடியாது. டிராபண்ட் கார்களைக் கழித்துக் கட்டும்போது ஜெர்மனிக்காரர்களுக்கும் இதுதான் தலைவலி. எங்கள் கடற்கரையில் உடைந்த ஃபைபர் படகுகள் மணலில் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், யாரும் எடுக்கமாட்டார்கள். கார் கம்பெனிகள் பம்பர், டேஷ்போர்டு எல்லாவற்றுக்கும் உருக்கி மறுபடி வார்க்கக்கூடிய பாலிப்ரொப்பிலீன் பக்கம் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஐரோப்பாவில் 2015 முதல் பழைய காரின் எடையில் 85 சதவீதம் மறுபடி பயன்படவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இதில் என்னிடம் பதில் இல்லை. அண்ணனிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

வாழை நாரில் செய்யலாமே என்று ஒரு நண்பர் கேட்டார், திருச்சியில் வாழை ஆராய்ச்சி மையமே இருக்கிறதே என்று. கேள்வி தப்பில்லை. வாழைக்கு உறவான அபாக்கா நாரை மெர்சிடஸ் கம்பெனி ஏ-கிளாஸ் காரின் ஸ்டெப்னி மூடியில் போட்டது, கதவு உட்பலகைகளில் சணலும் ஆளி நாரும் பல வருடமாக ஓடுகின்றன. ஆனால் தாவர நார் தண்ணீர் குடிக்கும். வறண்ட கதவுக்குள் சரி, ஐஸ் தண்ணீரில் வேண்டாம்.

காகித வேலை ஒன்று பாக்கி. கூண்டின் வகையும் காலி எடையும் ஆர்.சி.யில் ஏறும். பதிந்த பிறகு இஷ்டத்துக்கு மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஆகவே பதிவுக்கு முன்பே கூண்டு முடிவாகவேண்டும். மீன் வண்டிக்குப் பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40, பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதம் வரை மானியம் அறிவித்திருந்தார்கள். அண்ணி பெயரில் போடலாமா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தை பிறந்ததும் தொட்டி வார்க்க மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. நிறம் வெள்ளை, அண்ணனுக்கு நீலம்தான் ஆசை, வெயிலில் எது குறைவாகச் சுடும் என்று இரண்டு துண்டைக் காயவைத்துத் தொட்டுப்பார்க்கச் சொன்னதும் ஒப்புக்கொண்டார். கதவுக் கீல் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கடையில் இருப்பது 304 ஸ்டெயின்லெஸ். உப்புக்கு நிற்பது மாலிப்டினம் கலந்த 316, அது சென்னையிலிருந்து வரவேண்டும். ஆறு கீலுக்காக லாரி ஆபீஸில் பார்சல் போடச் சொல்லி இரண்டு வாரமாக போன் செய்துகொண்டிருக்கிறேன்.